அட்டப்பாடி அவரையா, ஆண்டிஆக்ஸிடன்ட் மாத்திரையா? உங்கள் இதயத்துக்கு எது உதவும்?

கோவையிலிருந்து பாலக்காடு பஸ்ஸில் போயிருந்தால் வாளையார் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறும் இடம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வரிச் சோதனைச்சாவடி முன்னால் நின்ற லாரி வரிசை பழங்கதை ஆகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுக் காய்கறி கேரளத்துக்குள் போகும் பெரிய வாசல்களில் ஒன்று இன்றைக்கும் அதுதான். அதே சாலையில், கூரியர் வேன்களில், இன்னொரு சரக்கும் போகிறது. பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்காக ஆன்லைனில் ஆர்டர் செய்யும் 'ஹார்ட் ஹெல்த்' மாத்திரை டப்பாக்கள்.

லாரியில் போகும் காய்கறியா, வேனில் போகும் டப்பாவா, இதயத்துக்கு எது உதவும்? கேள்வி சுலபமானதுதான். பதில் கிடைக்க உலகம் முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பதில் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் டப்பா விற்பனை நிற்கவில்லை.

ஊதா நிற அவரையும் ஒரு பூண்டும்

வாளையாருக்கு வடமேற்கே, மலைகளுக்கு அப்பால் இருக்கிறது அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் பழங்குடிகள் வாழும் இடம். அங்கே ஆட்டின் கொம்பு மாதிரி வளைந்த ஒரு அவரை விளைகிறது, பெயரே 'ஆட்டுக்கொம்பு அவரை'. தண்டிலும் காயிலும் ஊதா நிறம் ஓடும். 2022 டிசம்பரில் இந்த அவரைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில் குறியீடு பெற்ற இன்னொரு பயிர், இடுக்கி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் காந்தல்லூர், வட்டவடை கிராமங்களின் பூண்டு. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக ஏறினால் காந்தல்லூர். நிறையத் தமிழ் விவசாயிகள் இருக்கும் மலை அது.

குறியீடு அறிவிப்போடு வந்த விளக்கத்தில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. அவரையின் ஊதா நிறத்துக்குக் காரணம் அந்தோசயனின் என்னும் நிறமி, அது இதய நோய்களுக்கு எதிராக உதவும் என்று எழுதியிருந்தார்கள். பூண்டுக்கும் அப்படித்தான், கொலஸ்ட்ரால், ரத்தக் குழாய் பாதிப்பு, இதய நோய் எல்லாவற்றுக்கும் நல்லது என்று ஒரு பட்டியல்.

இதே வாக்கியங்களை மாத்திரை டப்பாவின் பின்பக்கத்திலும் படிக்கலாம். ஆண்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது, அதனால் இதயத்துக்கு நல்லது. காயை விற்பவரும் டப்பாவை விற்பவரும் ஒரே தர்க்கத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிரச்சினை அந்த 'அதனால்' என்ற சொல்லில் இருக்கிறது.

இந்தத் தர்க்கம் எங்கிருந்து வந்தது?

மோசமான அறிவியலிலிருந்து வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி உடல் சக்தி தயாரிக்கும்போது ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் நிலையில்லாத மூலக்கூறுகள் உண்டாகின்றன. பக்கத்தில் இருக்கும் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கித் தன்னை நிலைப்படுத்திக்கொள்ளும் குணம் அவற்றுக்கு. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் கொலஸ்ட்ரால் துகள்கள் இப்படி ஆக்ஸிடைஸ் ஆகும்போது, ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் செல்கள் அவற்றை அளவுக்கு மீறி விழுங்கிக் கொழுப்புப் படிவாக மாறுகின்றன. மாரடைப்பின் தொடக்கம் அங்கேதான் என்று டேனியல் ஸ்டெய்ன்பெர்க்கும் அவருடன் பணியாற்றிய விஞ்ஞானிகளும் 1989ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் ஆகியவை தங்கள் எலக்ட்ரானைக் கொடுத்து ஃப்ரீ ராடிக்கலை அடக்கக்கூடியவை. அப்படியென்றால் அவற்றை மாத்திரையாகக் கொடுத்தால் மாரடைப்பு குறைய வேண்டுமே?

1993ல் அதற்குச் சாதகமாக இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரே இதழில் வந்தன. அமெரிக்காவில் 87,245 செவிலியர்கள், 39,910 ஆண் மருத்துவத் துறையினர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைட்டமின் ஈ மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களிடம் இதய நோய் சுமார் 40 சதவீதம் குறைவு. ஆண்களிடமும் கிட்டத்தட்ட இதே போக்கு. சும்மா சொல்லக்கூடாது, எண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த ஆய்வுகளில் யாரும் யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை. ஏற்கெனவே சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். மாசாமாசம் காசு கொடுத்து வைட்டமின் வாங்குபவர் யார் என்று உங்கள் அபார்ட்மெண்டிலேயே யோசித்துப் பாருங்கள். காலையில் வாக்கிங் போவார், சிகரெட்டை விட்டிருப்பார், வருடம் ஒருமுறை மாஸ்டர் செக்கப் செய்வார், அதற்கான வருமானமும் அவரிடம் இருக்கும். இதயத்தைக் காப்பாற்றியது மாத்திரையா, மற்ற எல்லாமுமா? கணக்கில் வயதையும் சிகரெட்டையும் சரிக்கட்டலாம். முழு வாழ்க்கையைச் சரிக்கட்ட முடியாது. 2004ல் லான்செட் இதழில் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ரத்தத்தில் வைட்டமின் சி அதிகம் இருந்த பெண்கள் சிறுவயதிலிருந்தே வசதியான சூழலில் வளர்ந்தவர்களாக இருந்தார்கள்.

குலுக்கல் முறையில் சோதித்தபோது என்ன நடந்தது?

இந்தச் சிக்கலை உடைக்க ஒரே வழி, யாருக்கு மாத்திரை, யாருக்கு டம்மி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வது. அப்போது இரண்டு பக்கமும் வாக்கிங் போகிறவர்களும் போகாதவர்களும் ஏறக்குறைய சமமாக இருப்பார்கள்.

முதல் அதிர்ச்சி 1994ல் ஃபின்லாந்திலிருந்து வந்தது. சிகரெட் பிடிக்கும் 29,133 ஆண்கள். பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களில் 474 பேருக்குப் புற்றுநோய் வந்தது, சாப்பிடாதவர்களில் 402 பேருக்கு. இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு. காக்கும் என்று நினைத்த மாத்திரை சாப்பிட்ட பக்கம் 72 பேர் கூடுதல். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில், புகைபிடிப்பவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுமாக 18,314 பேரை வைத்து நடந்த கேரட் என்னும் ஆய்வை 21 மாதங்கள் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏவும் எடுத்துக்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகம், இதய நோய் இறப்பும் அதிகம். உங்கள் வீட்டில் பீடியோ சிகரெட்டோ பிடிக்கும் பெரியவர் இருந்து, அவருக்கு நீங்கள் அனுப்பும் டப்பாவில் பீட்டா கரோட்டின் இருந்தால், இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

நடுவில் ஒரு நம்பிக்கை வந்ததும் உண்மை. 1996ல் கேம்பிரிட்ஜில் 2,002 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் வைட்டமின் ஈ உயிர்ச்சேதமில்லாத மாரடைப்பைப் பெருமளவு குறைத்தது. மருந்து விளம்பரங்கள் இன்றும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பது இதைத்தான். அதே ஆய்வில் இறப்புகள் குறையவில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பிறகு பெரிய ஆய்வுகள் வரிசையாக வந்தன. இத்தாலியில் 11,324 மாரடைப்பு நோயாளிகள், 1999. பலன் இல்லை. அடுத்து ஹோப், 2000ல். ஹோப் ஆய்வுக்கு நமக்குப் பக்கத்து ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. அதைத் தலைமையேற்று நடத்தியவர் சலீம் யூசுஃப், கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, கனடாவில் பணியாற்றும் இதய மருத்துவர். 9,541 பேருக்கு தினம் 400 ஐயூ வைட்டமின் ஈ அல்லது டம்மி மாத்திரை, சராசரியாக நான்கரை வருடம். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் இறப்பு எதிலும் வித்தியாசம் இல்லை. குறைந்த காலம்தான் ஆகிறது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் பலன் தெரியுமோ என்று ஆய்வை ஏழு வருடம் வரை நீட்டித்தார்கள். 2005ல் முடிவு வந்தது. வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் அபாயம் 13 சதவீதம் அதிகமாகியிருந்தது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மறக்க முடியாத எண் 2002ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வுடையது. 20,536 பேர், ஐந்து வருடம், மூன்று ஆண்டிஆக்ஸிடன்ட்டும் சேர்த்து. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் ஈ ஏறக்குறைய இரட்டிப்பானது, பீட்டா கரோட்டின் நான்கு மடங்கானது. அதாவது மாத்திரை உடம்பில் சேரத்தான் செய்தது. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரிய பாதிப்புகள்? மாத்திரை சாப்பிட்டவர்களில் 22.5 சதவீதம். டம்மி சாப்பிட்டவர்களில் 22.5 சதவீதம்.

இதற்குப் பிறகும் பெண்களிடம் 39,876 பேர், மருத்துவர்களிடம் 14,641 பேர் என்று ஆய்வுகள் தொடர்ந்தன. கதை மாறவில்லை. மருத்துவர்கள் ஆய்வில் வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் மூளை ரத்தக்கசிவு 39 பேருக்கு, எடுக்காதவர்களிடம் 23 பேருக்கு. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் திசை நமக்குச் சாதகமாக இல்லை. அமெரிக்காவின் நோய்த் தடுப்புப் பணிக்குழு 2022ல் இதய நோயைத் தடுக்க பீட்டா கரோட்டினோ வைட்டமின் ஈயோ எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வெளிப்படையாகவே பரிந்துரைத்தது. ஆரோக்கியமான ஒருவர் எடுக்கும் மற்ற மல்டிவைட்டமின்கள் பற்றி, ஆதாரம் போதவில்லை என்பதே அதன் நிலை.

ஏன் தோற்றது?

அளவு ஒரு காரணம். 100 கிராம் பாதாமில் சுமார் 25 மி.கி. வைட்டமின் ஈ இருக்கிறது. இயற்கை வடிவ வைட்டமின் ஈ 400 ஐயூ என்றால் 268 மி.கி. ஒரே ஒரு கேப்ஸ்யூலுக்குச் சமமாக நீங்கள் தினம் ஒரு கிலோவுக்கு மேல் பாதாம் சாப்பிட வேண்டும். நம் உடல் எந்தக் காலத்திலும் பார்த்திராத அளவு அது. அந்த அளவில் ஒரு வைட்டமின் வைட்டமினாக நடந்துகொள்ளும் என்று நினைக்க முடியாது, மருந்து மாதிரி நடந்துகொள்ளும். மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு.

இன்னொன்று, ஃப்ரீ ராடிக்கல் என்றால் வில்லன் என்று நாம் பழகிவிட்டோம். கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் அதைத்தான் ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. செல்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்பவும் அது வேண்டும். எல்லாவற்றையும் அடக்கிவிடுவது நல்லது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'ஆண்டிஆக்ஸிடன்ட் அளவு' என்பதே தவறான எண். சோதனைக்குழாயில் ஒரு உணவு எவ்வளவு ஃப்ரீ ராடிக்கலை அடக்குகிறது என்று அளந்து ஓராக் மதிப்பெண் என்று ஒன்று கொடுத்தார்கள். அமெரிக்க வேளாண் துறை பெரிய பட்டியலே வெளியிட்டிருந்தது. நிறுவனங்கள் அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கின. 2012ல் அந்தத் துறையே பட்டியலைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. சோதனைக்குழாய் மதிப்புக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்பதுதான் காரணம். ஆனால் 'ஆரஞ்சைவிட இத்தனை மடங்கு' என்று யூடியூபில் இப்போதும் கேட்கலாம், கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்போது அவரையும் பூண்டும்?

நியாயமாகப் பார்த்தால் இதே கேள்வியைக் காய்கறிக்கும் கேட்க வேண்டும். ஊர்ப்பாசத்தில் விட்டுவிட முடியாது.

பூண்டை நேராகவே சோதித்திருக்கிறார்கள். 2007ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் எல்டிஎல் ஓரளவு அதிகமாக இருந்த 192 பேரைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பச்சைப் பூண்டு, மற்ற இரண்டுக்கு இரண்டு வகைப் பூண்டு மாத்திரைகள், இன்னொன்றுக்கு டம்மி. ஆறு மாதம். யாருக்கும் எல்டிஎல் குறையவில்லை, பச்சைப் பூண்டு சாப்பிட்டவர்களுக்கும்கூட. வட்டவடை பூண்டை வாங்குங்கள், அதன் காரமும் மணமும் தனி. கொலஸ்ட்ராலுக்கான மருந்தாக நினைத்து மட்டும் வாங்காதீர்கள்.

அவரையில் அந்தோசயனின் இருக்கிறது என்பது சரி. ஆனால் சாப்பிட்ட அந்தோசயனினில் மிகச் சிறிய பங்குதான் அப்படியே ரத்தத்துக்குப் போகிறது. மீதி குடலில் பாக்டீரியாக்களால் உடைக்கப்பட்டு வேறு பொருட்களாகிறது. அது தண்ணீரில் கரையும் நிறமி என்பதால் அவரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் ஊதா நிறமும் சாக்கடைக்குப் போய்விடும். ஆகவே ஒரு காயில் ஒரு நிறமி இருக்கிறது என்பதை வைத்து மாரடைப்பைப் பற்றிப் பேச முடியாது. காயைப் பற்றிப் பேச வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

இதே சலீம் யூசுஃப் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வு 2004ல் வந்தது. 52 நாடுகள், முதல் முறை மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேர், வராத கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. தினமும் காய்கறி, பழம் சாப்பிடுபவர்களுக்கு அபாயம் சுமார் 30 சதவீதம் குறைவு. அதிலிருந்து தெற்காசியர்களை மட்டும் பிரித்துப் பார்த்து 2007ல் வெளியான கட்டுரைதான் நம் அலுவலக கேண்டீன்களில் ஒட்டி வைக்க வேண்டியது. நம் மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு 58.8. தினமும் காய்கறி பழம் சாப்பிடுபவர்கள் நம்மிடம் 26.5 சதவீதம், மற்றவர்களிடம் 45.2 சதவீதம். இட்லி, சாம்பார், பொரியல் என்று நாம் ரொம்பக் காய்கறி சாப்பிடுவதாக ஒரு நினைப்பு நமக்கு. தட்டைப் பார்த்தால் சோறு மலை, பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி.

'இதுவும் கவனிப்பு ஆய்வுதானே, நீங்களே மேலே திட்டினீர்களே?' என்று நீங்கள் கேட்டால் அது சரியான கேள்வி. காய்கறி சாப்பிடுபவர்களும் வசதியானவர்களாக இருக்கலாம். வித்தியாசம் என்னவென்றால், உணவு விஷயத்தில் குலுக்கல் ஆய்வும் அதே திசையில் போகிறது. 1997ல் டாஷ் என்னும் அமெரிக்க ஆய்வில் 459 பேருக்கு எட்டு வாரம் முழுச் சாப்பாட்டையும் சமைத்தே கொடுத்தார்கள். காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் அதிகமுள்ள சாப்பாடு, மேல் ரத்த அழுத்தத்தை 5.5 புள்ளி குறைத்தது. ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கு 11.4 புள்ளி. உப்பின் அளவு எல்லாக் குழுவுக்கும் ஒன்றுதான், எடையும் குறையவில்லை. பொட்டாசியம், நார்ச்சத்து, மக்னீசியம் எல்லாம் சேர்ந்து வந்ததன் விளைவு இது, ஆண்டிஆக்ஸிடன்ட் தனியாகச் செய்தது என்று சொல்ல வழியில்லை. கூடவே இன்னொரு எளிய கணக்கு இருக்கிறது. தட்டில் அவரைப் பொரியல் ஏறும்போது அப்பளமோ சிப்ஸோ இன்னொரு கரண்டிச் சோறோ இறங்குகிறது. மாத்திரை எதையும் தட்டிலிருந்து இறக்குவதில்லை.

உணவு ஆய்வுகள் எல்லாம் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்பெயினின் பிரபலமான ப்ரெடிமெட் ஆய்வில் குலுக்கலில் கோளாறு இருந்ததால் 2013 கட்டுரையைத் திரும்பப் பெற்று 2018ல் திருத்தி வெளியிட்டார்கள். நம் நாட்டில் மொராதாபாத்திலிருந்து 2002ல் லான்செட்டில் வந்த 'இந்திய மத்தியதரைக்கடல் உணவு' ஆய்வைப் பற்றி 2005ல் அந்த இதழே சந்தேகக் குறிப்பு வெளியிட்டது. அதனால்தான் நான் இங்கே அந்த எண்களைப் பயன்படுத்தவில்லை.

எவ்வளவு சாப்பிட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது தினம் காய்கறியும் பழமும் சேர்த்து குறைந்தது 400 கிராம். 18 நாடுகளில் 1,35,335 பேரைப் பின்தொடர்ந்த ப்யூர் ஆய்வில், காய்கறி, பழம், பருப்பு வகை சேர்த்து தினம் 375 முதல் 500 கிராம் வரை வந்தபோதே பெரும்பாலான பலன் கிடைத்துவிட்டது. அதற்கு மேல் அள்ளிச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை. விலை உயர்ந்த பழங்களும் தேவையில்லை. 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஒரு ஆணின் தினசரித் தேவை 80 மி.கி. நெல்லிக்காய் இன்னும் அதிகம். ப்ளூபெரி வாங்கும் காசில் வாரம் முழுக்கக் கொய்யா வாங்கலாம். ஹாஸ்டலிலோ பிஜியிலோ இருந்தால் பையில் போட்டுக்கொண்டு போகவும் வசதி.

டீ? மூணாறு டீயைத் தாராளமாகக் குடியுங்கள், சர்க்கரையை மட்டும் பாருங்கள். க்ரீன் டீ 'எக்ஸ்ட்ராக்ட்' கேப்ஸ்யூல் வேறு விஷயம். தினம் 800 மி.கி. அல்லது அதற்கு மேல் ஈஜிசிஜி என்னும் சேர்மத்தை சப்ளிமெண்டாக எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறி தெரியலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018ல் சொன்னது. வழக்கமாகப் போட்டுக் குடிக்கும் க்ரீன் டீ பொதுவாகப் பாதுகாப்பானது என்றும் அதுவே சொன்னது. ஒரே இலைதான், வடிவமும் அளவும் மாறும்போது பதில் மாறுகிறது.

'காய்கறி எல்லாம் பூச்சிமருந்து, மாத்திரையே சுத்தம்'

வாளையார் பக்கம் இந்த வாதத்தை நிறையக் கேட்கலாம். 2015ல் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் அதிகம் என்று கேரளம் குற்றம்சாட்ட, இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே பெரிய சர்ச்சையே நடந்தது. கவலை நியாயமானது. ஆனால் அதற்கு மாத்திரை பதிலாகாது, ஏனென்றால் மாத்திரையில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் இல்லை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வழி எளிது. புளித்தண்ணீரிலோ வினிகர் கலந்த தண்ணீரிலோ கொஞ்ச நேரம் ஊறவைத்து, பிறகு ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். முட்டைக்கோஸின் வெளி இலைகளை எடுத்துவிடுங்கள். தோலில் ஒட்டியிருப்பதில் கணிசமான பகுதி போய்விடும், உள்ளே இறங்கியது போகாது. மேலே சொன்ன இன்டர்ஹார்ட், ப்யூர் ஆய்வுகளில் இருந்தவர்களும் நம்மைப் போலக் கடைக் காய்கறி சாப்பிட்டவர்கள்தான்.

அப்படியானால் எல்லா மாத்திரையும் வீணா?

இல்லை. குறைபாடு இருப்பவருக்கு சப்ளிமெண்ட் மருந்துதான். 2013ல் குழந்தை இறப்புகளால் நாடு முழுக்கப் பேசப்பட்ட இடம் அதே அட்டப்பாடி. அங்கே ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிடும் கிடைப்பது உயிர்ப் பிரச்சினை. அவரையின் அந்தோசயனின் பற்றி நாம் கோவையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. முழு சைவர்களுக்கும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும் பி12 தேவைப்படலாம். கண்ணில் மேக்குலா தேய்வு உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட ஆண்டிஆக்ஸிடன்ட் கலவை உண்மையிலேயே உதவுகிறது, அதிலும் இப்போது பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டீன், ஸியாசாந்தின் சேர்க்கிறார்கள். கோகோவிலிருந்து எடுத்த ஃப்ளேவனால் பற்றி 21,442 பேரிடம் நடந்த ஆய்வு 2022ல் வந்தது. மொத்த இதய பாதிப்புகளில் உறுதியான வித்தியாசம் இல்லை, இதய நோய் இறப்பு மட்டும் 27 சதவீதம் குறைவு. அது இரண்டாம் நிலை முடிவு என்பதால் இன்னொரு ஆய்வு உறுதி செய்யும்வரை நான் காசு செலவழிக்க மாட்டேன். சாக்லேட் பார் சாப்பிட இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளவும் முடியாது, பாரில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை.

வீட்டில் ஏற்கெனவே ஒரு டப்பா இருக்கிறதா?

முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். சப்ளிமெண்ட்களுக்காக இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ல் கொண்டுவந்த விதிகளின்படி, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் அதில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். முன்பக்கம் இதயப் படம், பின்பக்கம் இந்த வாசகம், ஒரே டப்பாவில். இதய நோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதனால்தான் விளம்பரங்கள் 'இதய ஆரோக்கியத்துக்குத் துணைபுரியும்' என்று மெலிதாகப் பேசும்.

அடுத்து, அப்பாவின் மற்ற மருந்துச் சீட்டை அதன் பக்கத்தில் வையுங்கள். செயற்கை வால்வு போட்டவர்கள் சாப்பிடும் அசினோகுமரால், வார்ஃபரின் போன்ற மருந்துகளோடும், ஸ்டென்ட் வைத்தவர்களின் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரலோடும் அதிக அளவு வைட்டமின் ஈயோ பூண்டு கேப்ஸ்யூலோ சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். 2001ல் 160 இதய நோயாளிகளிடம் நடந்த ஒரு ஆய்வில், சிம்வாஸ்டாட்டின், நியாசின் மருந்துகளால் கிடைத்த பலனின் ஒரு பகுதியை உடன் கொடுத்த ஆண்டிஆக்ஸிடன்ட்கள் மட்டுப்படுத்தின. அசினோகுமரால், வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதில் வைட்டமின் கே இருக்கிறது. அளவு தினமும் ஒரே மாதிரி இருந்தால் மருத்துவர் அதற்கேற்ப மருந்தைச் சரி செய்துகொள்வார்.

உண்மையான ஆபத்து இன்னொன்று. என் உறவினர் ஒருவர், கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மகன் அனுப்பிய கேப்ஸ்யூலைத் தவறாமல் சாப்பிட்டுவிட்டு, 'அதுதான் ஹார்ட்டுக்கு எடுக்கறேனே' என்று ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தியிருந்தார். விலை குறைவான, பல பெரிய ஆய்வுகளில் மாரடைப்பைக் குறைத்துக் காட்டிய மாத்திரை டிராயரில் கிடந்தது. விலை அதிகமான, பெரிய ஆய்வுகளில் தோற்றது டைனிங் டேபிளில் இருந்தது. மகன் ஃபோனில் கேட்டதெல்லாம் 'அனுப்புனதைச் சாப்பிடறீங்களாப்பா?' என்பதுதான்.

கேரளத்தில் இதய மருத்துவர் சங்கம் 5,167 பேரிடம் நடத்தி 2016ல் வெளியிட்ட ஆய்வின்படி, உறுதி செய்யப்பட்ட கரோனரி நோய் 1993ஐ விடக் கிட்டத்தட்ட மூன்று மடங்காகியிருக்கிறது, நகரம் கிராமம் என்ற வித்தியாசமும் இல்லை. இன்டர்ஹார்ட் பட்டியலில் முதலில் நிற்பவை கொலஸ்ட்ராலும் புகையும்தான். அதோடு சர்க்கரை, ரத்த அழுத்தம். ஆகவே அடுத்த முறை ஊருக்கு ஃபோன் செய்யும்போது கேட்க வேண்டியவை வேறு: 'பிபி கடைசியா எப்போ பார்த்தீங்க? எவ்வளவு இருந்துச்சு? டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு?'

அவரையை எப்படிச் சமைப்பது என்று கேட்டு வைக்கலாம், அதற்கு அம்மாவிடமே நல்ல பதில் இருக்கும். தண்ணீரை வடிக்காமல், மூடி போட்டு, தேங்காயைக் கொஞ்சமாகத் தூவி.